குண்டெழுத்தில் மூன்று சொற்கள்

மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவேன். அடுப்புக்கு ஊற்றுகிற வெறும் மண்ணெண்ணெயைச் சொல்லவில்லை. அச்சு மையோடு கலந்து, கந்தல் துணியில் ஊறி, ஈய எழுத்துகளைத் தேய்த்துத் துடைத்த பிறகு வீடெல்லாம் நிற்குமே, அந்தக் கறுப்பு வாசனையைச் சொல்கிறேன். மலாக்காவில் காஜா பெராங் சாலையோரம் எங்கள் வாடகை வீட்டின் முன்கூடம்தான் அப்பாவின் அச்சுக்கூடம். காலால் மிதித்து ஓட்டுகிற ஒரே ஒரு மெஷின், சுவரை ஒட்டிச் சாய்வாக நின்ற எழுத்துப் பெட்டிகள், காய்வதற்காகக் கொடியில் தொங்கும் நோட்டீஸ்கள், இவற்றுக்குப் பின்னால் ஒரு துணித்திரை. திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் சமைத்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம். எங்கள் வீட்டுச் சோற்றிலேயே மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். கேலி பொய்யில்லை.

அந்தப் பெட்டிகளில் எல்லாவற்றுக்கும் மேல்தட்டில், தனியாக, மூடிபோட்டு வைத்திருந்தது குண்டெழுத்து. அதற்கு வேறு ஏதோ முறையான பெயர் இருந்திருக்கும். மதராஸிலிருந்து கப்பலில் வந்த மரப்பெட்டியின் மேல் எழுதியிருந்தார்கள் என்று அப்பா சொல்வார். பெட்டியை அடுப்பில் வைத்து எரித்துவிட்டதால் பெயரும் போயிற்று. எங்களுக்கு அது "குண்டெழுத்து", அவ்வளவுதான். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலை காலையில் உப்பி நிற்குமே, அப்படி ஒவ்வொரு எழுத்தும் உப்பியிருக்கும். கூர்முனை என்று ஒன்று அதில் எங்கும் கிடையாது. 'ண'வுக்கு வரிசையாக வயிறு, 'ழ'வுக்குக் கீழே சுருண்ட தடித்த வால், பழைய 'ணை'க்கு முன்னால் நிஜமாகவே யானை தும்பிக்கையைத் தூக்கியது போன்ற கொம்பு. கையில் எடுத்தால் சில்லென்று கனக்கும். மற்ற எழுத்துகளை நான் தொடக்கூடாது. குண்டெழுத்தை மட்டும், கைகழுவிக்கொண்டு, பாயில் உட்கார்ந்து அடுக்கி விளையாட அப்பா விடுவார். அப்படித்தான் எனக்கு எழுத்து வந்தது. பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தின் பொடி எழுத்து எனக்குப் புரியாமல் நெளிந்தபோதும், குண்டெழுத்தை எங்கே பார்த்தாலும் கடகடவென்று வாசித்துவிடுவேன்.

ஊரில் எதற்கெல்லாம் குண்டெழுத்து போடுவார்கள் என்பதற்கு அப்பாவிடம் ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. கோயில் திருவிழாவின் "வருக வருக"வுக்குப் போடலாம். ரப்பர் தோட்டங்களில் கொட்டகை அடித்துப் படம் காட்டுகிறவர்களின் "இன்றே கடைசி"க்குப் போடலாம். துணிக்கடையின் "மலிவு", நாடகத்தின் பெயர், தைலத்தின் பெயர், கல்யாண வாழ்த்துமடலில் மாப்பிள்ளை பெண் பெயர், இவற்றுக்குப் போடலாம். சாவு அறிவிப்புக்குப் போடவே கூடாது. யாராவது செல்வாக்குள்ள வீட்டுக்காரர், "எங்க அப்பா பேரு நல்லா பெரிசா தெரியணும்" என்று வற்புறுத்தினாலும், அப்பா மெல்லிய எழுத்தைத்தான் எடுப்பார். "சன்ன எழுத்து பேசும், குண்டெழுத்து கூப்பிடும். சாவுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது" என்பார். அதிகம் பேசாதவர், பேசினால் இந்த மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்கப் போய்விடுவார்.

பக்கத்திலிருந்த கம்போங் செட்டியில் பல தலைமுறைகளாக இருந்துவரும் தமிழ் வம்சத்தார் உண்டு. அங்கிருந்து கோயில் காரியத்துக்கு நோட்டீஸ் போட வருகிறவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. வீட்டில் பேசுவது மலாய்தான். ஆனாலும் தமிழில்தான் நோட்டீஸ் வேண்டும். அதுவும் பெட்டியைக் காட்டி, "யாங் கெமுக் பூஞா", அதாவது குண்டாக இருக்கிறதே அது, என்று கேட்டு வாங்குவார்கள். அச்சடித்ததும் அம்மா அதைக் கையில் எடுத்து உரக்கப் படித்துக் காட்டுவாள், மலாயில் பொருள் சொல்வாள். அவர்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, நோட்டீஸை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப்போவார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த எழுத்தின்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. அது நல்ல சேதிதான் சொல்லும் என்று ஊரே நினைத்திருந்தது.

ஊர் அப்போது அவ்வளவு நிம்மதியாக இல்லை. வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம். மலாயாவின் விடுதலைக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். அரிசி கொண்டுபோனால் சோதனை. காட்டுக்குள் இருந்து சர்க்காரோடு சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுத்தால் ஜெயில், கொடுக்காவிட்டால் காட்டிலிருந்து ஆள் வரும் என்று பயம். பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று குரலைத் தாழ்த்துவார்கள். நேற்றுவரை கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த மனிதர் இன்று இல்லையென்றால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இந்தியாவில் பிறந்தவரை இந்தியாவுக்கும் சீனாவில் பிறந்தவரைச் சீனாவுக்கும் கப்பலேற்றிவிடுவார்கள் என்பது எங்களைப்போன்ற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அப்பா பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம்.

இனி ஆ கியோங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரைப் பக்கம் அச்சுக்கூடம் வைத்திருந்த சீனர். அம்மா அவரை "தவுக்கே", அதாவது முதலாளி, என்பாள், அவர் அம்மாவை அக்கா என்கிற மாதிரி "அச்சி" என்பார், இருவருக்கும் நடுவில் சந்தை மலாய். சீன மருந்துக்கடைக்காரர்களுக்கும் மளிகைக்காரர்களுக்கும் தோட்டத்துத் தமிழர்கள்தான் பெரிய வாடிக்கை என்பதால் அவர்களுக்குத் தமிழ் நோட்டீஸ் தேவைப்பட்டது. ஆ கியோங்கிடம் தமிழ் எழுத்து கிடையாது, தமிழும் தெரியாது. அதனால் எங்களிடம் வந்து குண்டெழுத்தை இரவல் வாங்கிப்போவார். அச்சுக்கூடங்களுக்குள் அந்த நாளில் அது சகஜம். பெரிய எழுத்து எல்லோராலும் வாங்க முடியாது, ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் கேட்டால் கொடுப்பார்கள். எழுத்துகளைப் பழைய பேப்பரில் சுற்றி, ரொட்டி டின்னில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போவார். வேலை முடிந்ததும் துடைத்துச் சுத்தமாகத் திருப்பித் தருவார். ஒரு எழுத்தும் குறைந்ததில்லை.

படிக்கத் தெரியாத மொழியை அவர் எப்படிக் கோத்தார் என்றால், பார்த்துத்தான். யாராவது தாளில் எழுதிக்கொடுத்ததை எதிரே ஒட்டிவைத்துக்கொண்டு, டின்னுக்குள் கைவிட்டு, அதே உருவம் எது என்று தேடித்தேடி எடுப்பார். ஈய எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறியிருக்கும். தமிழ் தெரிந்தவனுக்கே தலைசுற்றும் வேலை. முதல் தடவை அச்சுப்படியைத் திருத்துவதற்காக அம்மாவிடம் கொண்டுவந்தார். 'ப'வும் 'ட'வும் தலைகீழாக நின்றன, ஒற்றைக்கொம்பு பின்னால் போயிருந்தது, தலைவலித் தைலம் வாயில் நுழையாத வேறெதுவோ ஆகியிருந்தது. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சாலா அடா கா, அச்சி?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார். பிழை இருக்கிறதா என்று. "பிழைக்கு நடுவுல கொஞ்சம் எழுத்து இருக்கு தவுக்கே" என்று அம்மா மலாயில் சொன்னாள், அவரும் சிரித்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் படி எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா சிவப்புப் பென்சிலால் சுழிப்பாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவதுவரை படித்தவள். வாத்தியாராகிவிட்ட பெருமை அவள் முகத்தில் தெரியும். எந்த எழுத்துக்கு வயிறு எந்தப் பக்கம், எதற்குக் கால் நீளும், எதற்குத் தலை சுழியும் என்று குண்டெழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவாள். என்ன ஒலி, என்ன பொருள் என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. உருவம் போதும். வரவரச் சிவப்புச் சுழி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒருநாள் அம்மா படியை வெளிச்சத்தில் பிடித்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தாள். சுழிப்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்த தடவையும் இல்லை. "இனிமே எனக்குக் கொண்டுவர வேணாம் தவுக்கே, நீங்களே அடிச்சிரலாம்" என்று சொல்லி, ஒரு டப்பா நிறைய முறுக்கும் கொடுத்தாள். பரீட்சையில் தேறிய பிள்ளைபோல அவர் அந்த டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த மாதமா, அதற்கடுத்த மாதமா தெரியவில்லை. குண்டெழுத்து அவரிடம் இரவல் போயிருந்த ஒரு வாரத்தில் அது நடந்தது. காலையில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். கோப்பிக் கடைச் சுவரில் ஒரு புதுத் தாள் ஒட்டியிருந்தது. படமில்லை, பூக்கோலமில்லை. நடுவில் குண்டெழுத்தில் மூன்றே சொற்கள். எனக்கு ஒரே குஷி. எங்கள் வீட்டு எழுத்தல்லவா! அப்பாவின் கையை உதறிவிட்டு முன்னால் ஓடி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல உரக்க வாசித்தேன்:

"காட்டிக் கொடுப்பவன் சாவான்."

கோப்பிக் கடையில் கோப்பையைக் கலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஒருவர் காசை மேசைமேல் வைத்துவிட்டு, கோப்பியைக் குடிக்காமலே எழுந்துபோனார். எதிர்க்கடையில் பலகைகளைத் திறந்துகொண்டிருந்தவர் திறந்த பலகையைத் திரும்பச் சாத்தினார். நான் பாராட்டுக்காக அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய், அந்த எழுத்தின் வயிற்றை விரலால் தொட்டுப்பார்த்தார். விரலில் மை ஒட்டியது. பிறகு என் கையைப் பிடித்து வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தார். அத்தனை இறுக்கமாக அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

வழியில் இன்னும் சில சுவர்களில் அதே தாள். தோட்டத்து லயங்களிலும் ஒட்டியிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஊரை வரவேற்றுக் கூப்பிட்டுக்கொண்டிருந்த எழுத்து, அதே உப்பிய கன்னத்தோடு இப்போது இதைச் சொல்லிக்கொண்டிருந்தது. கூரான எழுத்தில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்து அப்பா அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. அந்த எழுத்து மலாக்காவில் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மாத்தாக்களுக்கு, அதாவது போலீஸ்காரர்களுக்கு, ரொம்ப நேரம் பிடித்திருக்காது; எங்கள் வீட்டு வாசலிலேயே எங்கள் அச்சுக்கூடத்தின் பெயர் அதே எழுத்தில்தான் இருந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை, சில மாத்தாக்கள், மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. மேல்தட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். வெறும் பெட்டி.

"இந்த எழுத்தெல்லாம் எங்கே?" என்று கிராணி கேட்டார்.

அப்பா பெட்டியின் மூடியைச் சாத்தினார். "களவு போயிருச்சுங்க" என்றார்.

அம்மா திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "என்னங்க, சொல்லுங்களேன்" என்றாள். அப்பா அவள் பக்கம் திரும்பாமலே, "அவன் போனா திரும்பி வரமாட்டான். புள்ளய பாத்துக்க. நீ எதையும் பேசாதே" என்றார். ஆ கியோங்கைத்தான் சொன்னார். கிராணிக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் துரைக்கு அவர் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மையோடு இருந்த கையைக் கழுவக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் வாசலை யாரும் மிதிக்கவில்லை. அச்சடித்து முடித்த கல்யாணப் பத்திரிகைகளை வாங்கிப்போகவேண்டியவர்கள்கூட வரவில்லை. பணத்தைவிட எங்கள் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிடுவார்களே என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அம்மாவின் அண்ணன் ஒருவர் மட்டும் தோட்டத்திலிருந்து வந்து, உட்காராமலே நின்று, "மாப்பிள்ளைய கப்பல்ல ஏத்திருவாங்கன்னு பேசிக்கிறாங்க. நீ இங்க பொறந்தவ, நீயும் புள்ளையும் இருக்கலாம், அவருதான் போகணும்" என்றார். போகும்போது கதவை அவரே சாத்திக்கொண்டு போனார். எனக்கு விவரம் முழுக்கப் புரியவில்லை. அப்பா இல்லாத மெஷின் ஓடாமல் நிற்பதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

யாரும் வராத அந்த வீட்டுக்கு ஒருத்தி வந்தாள். ஆ கியோங்கின் மனைவி. நாங்கள் "ஆ சிம்" என்று கூப்பிடுவோம். ஒரு பை அரிசி, கருவாடு, என் வயதுடைய மகள் ஸ்வீ லான், இவ்வளவும் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் முன்வாசல் வழியாகவே வந்தாள். அப்பாவை எதற்குப் பிடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒட்டிய தாள்களை மாத்தாக்கள் அன்று காலையிலேயே கிழித்துவிட்டிருந்தார்கள். எதிர்ப்பட்டவர்கள் யாரும் அதைப்பற்றிச் சீனர்களிடம் பேசவுமில்லை. ஸ்வீ லானும் நானும் வெறும் குண்டெழுத்துப் பெட்டியை வண்டியாக்கி இழுத்து விளையாடினோம். ஆ சிம் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே, அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, "எங்க வீட்டுக்காரரு உன்னோட பேர காப்பாத்திட்டாரு அச்சி. போன வாரம் ஒரு தமிழ்ப் பையன் வந்து, தோட்டத்துல நாடகம் போடறோம், நாடகத்து பேர அடிச்சுக் குடுன்னான். இவரு தனியாவே கோத்தாரு. அந்தப் பையன் பாத்துட்டு ஒரு தப்புகூட இல்லன்னானாம். அன்னைலேருந்து அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படறாரு" என்றாள்.

அம்மா எழுந்தாள். அரிசியை வாங்கிப் பானையில் கொட்டிவிட்டுப் பையை உதறி மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, எனக்குத் தலைவாரி, என் கையைப் பிடித்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனாள். இவள் ஏன் போனாள், போயிருக்கக் கூடாது என்று இதைப் படிக்கிற யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். புருஷனைக் கப்பலில் ஏற்றப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சோறு வடித்துக்கொண்டிருக்க முடிந்தவர்கள் வந்து சொல்லட்டும். தவிர, அவள் யாரையும் மாட்டிவிடப் போகவில்லை. உண்மையைச் சொன்னால் அப்பா வெளியே வந்துவிடுவார், ஆ கியோங்கையும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று மனதார நம்பினாள். வழியெல்லாம் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "அவருக்குப் படிக்கவே தெரியாதுல்ல பாப்பா. தெரியாதவர என்ன பண்ணுவாங்க?"

துரையின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்து இரவல் போனது, நாடகம் என்று எவனோ ஏமாற்றியது, ஆ கியோங்குக்குத் தமிழில் ஒரு எழுத்தும் வாசிக்க வராது, உருவத்தைப் பார்த்துத்தான் கோப்பார் என்பது. கிராணி ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னார். துரை கோபப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கிராணியிடம் நீட்டி ஏதோ கேட்டார். கிராணி அதைக் கையில் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"இதுல ஒரு பிழையும் இல்லியேம்மா" என்றார். "படிக்கத் தெரியாதவன் ஒரு எழுத்துகூடத் தலைகீழா வைக்காம எப்படிக் கோப்பான்னு தொரை கேக்கறாரு."

அம்மா என் கையை விட்டுவிட்டு மேசையருகே போனாள். தாளையே பார்த்தாள். எந்தப் பக்கம் வயிறு, எதற்கு வால் என்று அவளே சொல்லிக்கொடுத்தது முழுவதும் அதில் பிசகாமல் இருந்தது. ஒரே ஒரு 'ப' கவிழ்ந்திருந்தால், ஒரே ஒரு கொம்பு பின்னால் போயிருந்தால், அந்த மனிதனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று துரையே நம்பியிருப்பார்.

"நான்தாங்கய்யா சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "நான்தான் ஒவ்வொரு எழுத்தா காட்டிக் குடுத்தேன். அதச் சொல்லுங்க தொரைகிட்ட."

கிராணி துரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில், "அதச் சொன்னா உன்னயும் உள்ள வச்சிருவாங்கம்மா. புள்ளய கூட்டிட்டு வீட்டுக்குப் போ" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் மொழிபெயர்க்கவேயில்லை. நல்ல மனிதர்தான் என்று நினைக்கிறேன். அந்த நல்லதனத்தால் எங்கள் வீடு பிழைத்தது.

அப்பாவை விட்டுவிட்டார்கள். ஆ கியோங்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த முகாமில் வைத்திருந்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிறகு கப்பலேற்றினார்கள் என்று சேதி வந்தது. சீனாவிலிருந்து கைக்குழந்தையாக வந்தவரை, அவருக்கு முகம்கூட நினைவில்லாத ஊருக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவரைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. வந்து நாடகத்துக்குப் பேர் அடித்துக்கொண்டுபோன பையன் யார் என்பதும் கடைசிவரை தெரியவில்லை.

அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படி வெளியே வந்தோம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார், ஆனால் அதற்குமுன் மெஷினை மிதித்துக்கொண்டே அவளை அழைத்து எதையாவது காட்டுகிற வழக்கம் இருந்ததே, அது நின்றுபோனது. சில வருடம் கழித்து மெர்டேக்கா வந்தபோது ஊரிலுள்ள சங்கங்களெல்லாம் வாழ்த்து நோட்டீஸுக்கு எங்களிடம்தான் வந்தன. "பெரிய எழுத்துல போடுங்க, கொண்டாட்டமில்லியா" என்று கேட்டார்கள். அப்பா முடியாது என்றுவிட்டார். விடுதலைச் சேதி எங்கள் அச்சுக்கூடத்திலிருந்து மெல்லிய எழுத்தில்தான் வெளியே போனது. பிறகு ஒருநாள் பழைய ஈயம் வாங்குகிறவனைக் கூப்பிட்டு, குண்டெழுத்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த எழுத்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததைச் சொல்லவில்லையே. ஆ சிம்தான் கொண்டுவந்தாள். புருஷன் கப்பலேறிய சேதி வந்த சில நாட்களில், ரொட்டி டின்னைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே நடந்துவந்தாள். எல்லா எழுத்தையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றியிருந்தாள். இரவல் வாங்கியதை இப்படித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்வாராம். டின்னை அம்மாவின் கையில் கொடுத்தவள், போகாமல் நின்றாள்.

"அச்சி, உங்க வீட்டுக்குத்தான் எல்லாத் தமிழாளுங்களும் வர்றாங்க. எங்க வீட்டுக்காரர யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு உனக்கு ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?"

அம்மா டின்னைத் தரையில் இறக்கிவைத்தாள். மூச்சை இழுத்தாள். சொல்லிவிடப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிடவேண்டுமே என்றும் சொல்லிவிடக்கூடாதே என்றும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்டேன்.

"தெரியலியே" என்றாள்.

ஆ சிம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்த ஊரில் என்னோடு பேசுவதற்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்றாள். அன்றிலிருந்து அம்மா உயிரோடு இருந்தவரை, ஆ சிம்முக்கு எங்கள் வீட்டில் ஒரு பங்கு சோறு உண்டு. துணி தைத்துப் பிழைத்த அவளுக்கு அம்மா ஆள் பிடித்துக் கொடுத்தாள், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தாள், ஸ்வீ லானின் கல்யாணத்தில் உறவுக்காரிபோல முன்னால் நின்றாள். என்ன நல்ல சிநேகிதம் என்று ஊர் சொன்னது. ஆ சிம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன ஒவ்வொரு நாளும் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

எல்லோரும் போய்விட்டார்கள். எங்கள் அச்சுக்கூடம் இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்குக் குளிர்பானம் விற்கிறார்கள். ஈய எழுத்தைக் கையில் தொட்டவர்கள் இந்த ஊரில் இனி யாரும் இருக்கமாட்டார்கள். குண்டெழுத்து மட்டும் எப்படியோ கணினிக்குள் புகுந்து திரும்பி வந்திருக்கிறது. பேத்தியின் கல்யாண அழைப்புக்கு மாதிரி காட்டிய பையன், "இது பாக்க ஜாலியா இருக்கும் பாட்டி" என்று அதைத்தான் முதலில் காட்டினான். வேறு காட்டு என்றேன். காரணம் கேட்காமல் அடுத்ததற்குப் போய்விட்டான்.

ஸ்வீ லான் புக்கிட் பாருவில் மகன் வீட்டில் இருக்கிறாள். முட்டிவலியோடு நானும் வாரத்துக்கொருமுறையாவது போய்விடுவேன். எனக்கென்று மிஞ்சியிருக்கிற ஒரே சிநேகிதி அவள்தான். வயதாக ஆக அவளுக்குத் தன் அப்பா ஞாபகம் அதிகமாகிறது. "உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். சாகும்போதாவது உங்கிட்ட சொல்லியிருப்பாங்களே, யாருன்னு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் கேட்கிறாள். நான் அவள் மருந்து சாப்பிட்டாளா என்று கேட்கிறேன்.

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் நான் எழுதி அச்சில் வந்தது எதுவானாலும் கொண்டுபோய்க் காட்டவேண்டும் அவளுக்கு. மடியில் விரித்துவைத்து, தன் அப்பா கோத்த எழுத்து என்று, பக்கத்தை மெதுவாகத் தடவிப் பார்ப்பாள். பிறகு என்னிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறாய், படித்துச் சொல் என்பாள்.